தார்சாவிலிருந்து கார் ஷெட் வரை: தரைக் குறிப்புகள்

பழைய வீடு வாங்கியவர்களும் பூர்வீக வீட்டைப் பங்கில் பெற்றவர்களும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இந்தத் தரைக்கு மேல என்ன போடலாம்?" மேலே போடுவதைப் பிறகு பார்க்கலாம். கீழே இருப்பது என்ன என்று குனிந்து பார்ப்பவர்கள் குறைவு.

திருநெல்வேலிப் பக்கத்து வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லிடைக்குறிச்சியோ அம்பாசமுத்திரமோ, பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய நீள வீடு. வாசலை அடுத்த தார்சாவில் சிவப்புத் தரை. கூடமான பட்டாசலில் அதே சிவப்பு, சுவரோரம் சாண் அகலத்துக்குக் கறுப்புக் கரை. அடுக்களையில் வெறும் சாம்பல் நிறச் சிமெண்டு. அங்கே யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்ற கணக்கு. அங்கணத்தில் சொரசொரப்பாக விட்ட கலவை. எழுபதுகளில் யாருடைய கல்யாணத்துக்காகவோ மாடியில் ஓர் அறை எடுத்திருந்தால் அங்கே மொசைக். மாடு போய்க் கார் வந்தபோது, புறவாசலில் தொழுவம் இருந்த இடத்தில் ஒரு ஷெட்; அதில் நூல் வைத்துக் கட்டம் போட்ட சிமெண்டு. ஒரே வீட்டுக்குள் இத்தனை தரை, ஒவ்வொன்றுக்கும் தனி வைத்தியம். ஒப்பந்தக்காரர் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் கொத்திட்டு டைல்ஸ் போட்டுருவோம்" என்று ஒரே மருந்தை எழுதிவிடுகிறார்.

*

சிவப்புத் தரை போடும்போது கொத்தனாரின் கவனம் நிறத்தில் இருப்பதில்லை, ஈரத்தில் இருக்கும்.

அடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கிய படுகை. அதன்மேல் ஒன்றுக்கு மூன்று அல்லது நான்கு என்ற கணக்கில் சிமெண்டும் மணலும் சேர்ந்த கலவை, ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான கனத்தில். மட்டப்பலகையால் இழுத்து, மணியாசுக் கட்டையால் தேய்த்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். விரலை வைத்தால் தடம் விழ வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. அந்த நேரத்தில்தான் சிமெண்டையும் ஆக்சைடுப் பொடியையும் தோசைமாவுப் பதத்துக்குக் கரைத்து மேலே ஊற்றிப் பரப்புவார்கள். மூன்று, நான்கு மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அடிக்கலவை ஈரமாக இருக்கும்போதே மேல்பூச்சு ஏறினால் இரண்டும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். காய்ந்த பிறகு ஏற்றியதைச் சில வருடம் கழித்து நாணயத்தால் தட்டிப் பாருங்கள். உள்ளே காலியாக இருப்பது சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் இரும்புக் கரணை. முதல் தேய்ப்பு பரப்புவதற்கு. மேலே மினுங்கும் தண்ணீர் உள்ளே இழுத்துக்கொண்டதும் அடுத்த தேய்ப்பு. இறுகத் தொடங்கியதும் கரணையைச் சாய்த்து, உடம்பு பாரம் முழுவதையும் மணிக்கட்டில் கொடுத்து, வட்டம் வட்டமாக இன்னொரு தேய்ப்பு. பளபளப்பு இங்கேதான் பிறக்கிறது. ஒரு பலகையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடி பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து வாசல்படிக்கு வந்து சேர வேண்டும். மின்விசிறி ஓடக் கூடாது, ஜன்னல்கள் சாத்தியிருக்க வேண்டும். காற்றடித்தால் மேல்தோல் மட்டும் முந்திக் காய்ந்து வெடித்துவிடும்.

"கலவை இறுகிட்டுன்னா நம்ம சொல்லைக் கேக்காது அண்ணாச்சி. வெத்தலை போடக்கூட எந்திரிக்க முடியாது" என்றார் அம்பாசமுத்திரத்துக் கொத்தனார் ஒருவர். சாப்பாட்டு நேரத்தை ஒட்டி இந்த வேலையை அவர் தொடங்குவதே இல்லை.

*

அவசரக்காரர்கள் செய்வது: மேலே தண்ணீர் மினுங்கினால், இழுத்துக்கொள்ளும்வரை காத்திராமல் உலர்ந்த சிமெண்டை அள்ளித் தூவி உடனே தேய்த்துவிடுவார்கள். அன்றைக்கு அருமையாக இருக்கும். பிறகு மேல்தோல் ஒரு விதமாகவும் அடி ஒரு விதமாகவும் சுருங்கி, தரை முழுக்க வலைபோட்ட மாதிரி ஏர் கிராக் ஓடும். அந்த வலையில் அழுக்கு இறங்கினால் எந்தத் துடைப்பும் எடுக்காது.

*

ஆக்சைடுப் பொடி என்பது இரும்பு ஆக்சைடு, துருவின் உறவினன்தான். ஆதியில் காவிக்கல்லை அரைத்தே எடுத்தார்கள். 1925இல் ஜெர்மனியின் ஊர்டிங்கனில் லாக்ஸ் என்ற வேதியியலாளர், அனிலின் தயாரிப்பில் கழிவாக வந்துகொண்டிருந்த இரும்புச் சேற்றை ஒரே சீரான நிறமியாக மாற்றும் வழியைக் கண்டுபிடித்தார். அதன் பிறகுதான் மூட்டைக்கு மூட்டை நிறம் மாறாத பொடி பெருமளவில் கிடைக்கத் தொடங்கியது.

இரும்பு ஆக்சைடில் சிவப்பு, மஞ்சள், கறுப்பு மூன்றும் உண்டு. பச்சைக்குக் குரோமியம் ஆக்சைடு. சிவப்பும் கறுப்பும் சாதாரணச் சாம்பல் சிமெண்டிலேயே நன்றாக எழும்பும். மஞ்சளும் பச்சையும் பளிச்சென்று வர வெள்ளைச் சிமெண்டு வேண்டும். அதனால் செலவு கூடும். நம் பக்கத்து வீடுகளில் சிவப்பே கோலோச்சியதற்கு அழகுணர்ச்சியை மட்டும் காரணம் காட்ட வேண்டியதில்லை, விலையும் ஒரு காரணம். நீலம் இன்னும் சிரமம். பிரஷ்யன் நீலத்தைச் சிமெண்டில் கலந்தால், சிமெண்டின் காரம் அதைச் சிதைத்துப் பழுப்பாக்கிவிடும். பெயின்ட் கடையில் கிடைக்கிற எந்த நிறப்பொடியையும் தரைக்குப் போட்டுவிட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பொடி ஒட்டும் பொருள் அல்ல. சிமெண்டு எடையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் போட்டால் நிறம் அதற்குத் தக்கபடி ஏறுவதில்லை, வலுதான் இறங்கும். "நல்லாச் செவக்கணும், அள்ளிப் போடுங்க" என்று நின்று மிரட்டும் வீட்டுக்காரர்களைக் கண்டிருக்கிறேன். அந்தத் தரைகளில் வெள்ளை வேட்டியோடு உட்கார முடியாது.

ஓர் அறைக்கு வேண்டிய சிமெண்டையும் பொடியையும் ஒரே தடவையில், உலர்ந்த நிலையிலேயே கலந்து சலித்து வைத்துக்கொள்ள வேண்டும். பாதி அறையில் தீர்ந்துபோய் மறுபடி கலந்தால் அந்த இடம் ஆயுளுக்கும் தெரியும்.

*

இந்தத் தரைகள் நம் ஊருக்குப் பெரிய அளவில் வந்தது சிமெண்டு கைக்கெட்டிய பிறகுதான். மதுக்கரை ஆலை 1934, டால்மியாபுரம் 1939, தாழையூத்து 1949. தாழையூத்துச் சிமெண்டு வந்த பின் தாமிரபரணிக் கரை ஊர்களில் சாணித் தரையும் தட்டோடும் சுண்ணாம்புத் தரையும் ஒவ்வொன்றாக மறைந்து சிவப்புத் தரைகள் பெருகின. ஆக நாம் 'பாரம்பரியத் தரை' என்று உருகுவது பல வீடுகளில் தாத்தா காலத்து நவீனம். அதற்கு முன்னால் இருந்த பாரம்பரியத்தைக் கொத்தி எடுத்துவிட்டுத்தான் அவர் இதைப் போட்டார். அவர்மீது யாரும் கோபப்படவில்லை.

*

தண்ணீர் கட்டுவது. தரை போட்ட மறுநாள் சுற்றிலும் களிமண்ணாலோ கலவையாலோ சிறு வரப்பு கட்டி, ஒரு வாரத்துக்குக் குறையாமல் தண்ணீர் நிறுத்த வேண்டும். சிமெண்டு காய்வதால் இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. தண்ணீர் போய்விட்டால் வினை அந்த இடத்திலேயே நின்றுவிடும். இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டு, அது மெதுவாக வலுப்பெறும், கூடுதல் நாள் தண்ணீர் கேட்கும். ஆற்று மணலுக்குப் பதில் வந்த எம்.சாண்டில் தூள் அதிகமாக இருந்தால் கலவையே கூடுதல் தண்ணீரைக் குடிக்கும், பிறகு அதிகம் சுருங்கும். பழைய கொத்தனாரின் கைக்கணக்கு இந்தப் பொருள்களுக்கு அப்படியே பொருந்தாது. "அந்தக் காலத்துத் தரை மாதிரி இப்ப வரமாட்டேங்குது" என்ற புலம்பலில் பாதி இங்கே இருக்கிறது.

புதுத் தரையில் வெள்ளையாக ஒரு படலம் பூக்கும்போது பலர் பதறுகிறார்கள். சிமெண்டிலிருந்து வெளிவரும் சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து படிவது அது. சாம்பல் தரையிலும் வரும், சிவப்பில்தான் கண்ணுக்குத் தெரியும். துடைக்கத் துடைக்கப் போய்விடும்.

*

தேங்காய் எண்ணெய் விஷயம். தண்ணீர் வடித்த பிறகு துணியில் எண்ணெய் தொட்டுத் தேய்ப்பது வழக்கம். ஏதோ பாட்டி வைத்தியம் என்று தோன்றும். புதுச் சிமெண்டில் சுண்ணாம்பு மிச்சம் இருக்கிறது. அதோடு எண்ணெய் சேர்ந்தால் தண்ணீரில் கரையாத ஒரு சோப்பு உண்டாகி நுண்துளைகளை அடைக்கிறது. மொராக்கோவில் தடெலாக்ட் என்ற சுண்ணாம்புப் பூச்சின்மேல் ஆலிவ் எண்ணெய்ச் சோப்பைத் தேய்த்துக் கூழாங்கல்லால் மெருகேற்றுகிறார்கள். குளியலறைச் சுவருக்கே அது தாங்குகிறது. வேலை செய்கிற வேதியியல் அதுவேதான்.

வருடங்கள் போன தரையில் அந்தச் சுண்ணாம்பு பெரும்பாலும் தீர்ந்திருக்கும். அப்போது ஊற்றும் எண்ணெய் எண்ணெயாகவே கிடக்கும். தேங்காய் எண்ணெய் ஆளிவிதை எண்ணெயைப் போல உலர்ந்து படலமாகும் ரகமும் இல்லை. பிசுபிசுத்து, தூசியைப் பிடித்து, சிவப்பைக் கறுப்பாக்கும். ஒரு வாளித் தண்ணீரில் சில சொட்டு விட்டுத் துடைத்தால் போதும். மினுமினுப்பு வேண்டுமென்றால் மெழுகுப் பாலிஷ் மேல். பண்டிகைக்கு முன்னால் மெல்லியதாகத் தடவித் துணியால் தேய்த்துவிடலாம்.

*

சிவப்புத் தரை குளிர்ச்சி, டைல்ஸ் சூடு என்று அடித்துச் சொல்கிறார்கள். நான் முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். தரைத்தளத்தில் எது போட்டாலும் அடியில் மண் இருக்கிறது. உள்ளங்காலின் சூட்டை அதுதான் இழுத்துக்கொள்கிறது. அந்தப் பழைய வீட்டில் உயரமான கூரை இருந்தது, கனத்த சுவர் இருந்தது, நடுவே முற்றம் இருந்தது. அத்தனையும் செய்த வேலைக்குத் தரை பெயர் வாங்கிக்கொண்டது. எட்டாவது மாடி அடுக்ககத்தில் ரெட் ஆக்சைடு போட்டுவிட்டு அம்பாசமுத்திரத்துக் குளுமையை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

சிவப்புத் தரையின் உண்மையான சுகம், அதில் இணைப்புக் கோடு இல்லை என்பது. வெறும் தரையில் மல்லாந்து படுத்திருப்பவர் முதுகுக்கு அது தெரியும்.

*

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எழுதித் தீராது. ஆத்தங்குடிக் கல் செய்வதை மட்டும் சொல்கிறேன். காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஆத்தங்குடி. ஒரு கண்ணாடித் தட்டு, அதைச் சுற்றி இரும்புச் சட்டம், அதற்குள் பூவேலை அச்சு. அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் நிறச் சிமெண்டுக் கரைசலைச் சிறு கரண்டியால் ஊற்றுகிறார்கள். ஊற்றி முடித்ததும் அச்சைச் செங்குத்தாக மேலே தூக்குகிறார்கள். கோடு கலையாமல் தூக்குவதில்தான் வித்தை இருக்கிறது. தூக்கியவுடன் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும், கலக்காது. உடனே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவினால் அது மேலதிக ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதன்மேல் ஈரக் கலவை வைத்து அழுத்தி மட்டம் தட்டுகிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறல். சூளை கிடையாது, இயந்திர அழுத்தம் கிடையாது. இறுகியபின் கண்ணாடியைக் கழற்றினால், கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லுக்கு வந்திருக்கும்.

ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சிமெண்டுப் பூக்கல் இயந்திர அழுத்தத்தில் செய்யப்பட்டது; 1867 பாரிஸ் கண்காட்சியில் அது காட்சிக்கு வந்தது. மும்பையில் பாரத் ஃப்ளோரிங்ஸ் நிறுவனம் 1922இல் சுதேசி வேகத்தில் அதையே இங்கே செய்யத் தொடங்கியது. ஆத்தங்குடிக்காரர்கள் அழுத்த இயந்திரத்தை விட்டுவிட்டுக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார்கள். அதனால் கல் சற்று மென்மை. கனமான இரும்புக் கட்டிலை இழுத்தால் கோடு விழும். உள்ளறைக்கு அருமை, கார் நிற்கும் இடத்துக்கு ஆகாது. பதித்த பிறகு புழங்கப் புழங்கத்தான் முகம் தெளியும். புதுக்கல்லைப் பார்த்து "மங்கலா இருக்கே" என்று குறைபட வேண்டாம்.

*

மொசைக்கை இப்போது யாரும் மதிப்பதில்லை. அறுபது, எழுபதுகளின் அரசு அலுவலகத் தரை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. எனக்கு அது வருத்தம். சிமெண்டில் மூன்றுக்கு ஒன்று என்று சலவைக்கல் தூள் கலந்து, அதில் சலவைக்கல் சில்லுகளைச் சேர்த்துப் போட்டு, கண்ணாடிப் பட்டையால் கட்டம் பிரித்து, தண்ணீர் ஊற்றி ஊற்றி இயந்திரத்தால் அரைத்து, ஊசித்துளைகளைச் சிமெண்டுப் பாலால் அடைத்து, மறுபடி இன்னும் நைசான கல்லால் அரைத்து, கடைசியில் ஆக்சாலிக் அமிலப் பொடியால் மெருகேற்றுவது. வெனிஸ் நகரத்து வேலைக்காரர்கள் கையில் வளர்ந்த கலை நம் தாலுகா அலுவலகம் வரை வந்திருக்கிறது.

மொசைக்கின் பெரிய பலம், கனம். மங்கினால் மறுபடி அரைத்துப் பாலிஷ் போடலாம்; உள்ளே இன்னும் கல் இருக்கிறது. சிவப்புத் தரையில் நிறம் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். அரைக்கும் இயந்திரத்தை வைத்தால் ஓரிடத்தில் சாம்பல் எட்டிப் பார்க்கும், அத்தோடு தரை முடிந்தது. மொசைக் பாலிஷ் போட வந்தவர், "அந்த ரூமையும் சேர்த்து அடிச்சு விட்டுறவா சார்?" என்று நல்ல மனதோடு கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

*

வெடிப்புகள். எல்லா வெடிப்பும் ஒன்றல்ல. வலை மாதிரி ஓடுவது மேல்தோல் சுருக்கம். பார்க்கத்தான் அசிங்கம், ஆபத்தில்லை. அறையின் குறுக்கே ஒரே கோடாக ஓடுவது, ஆறடிக்கு மேல் ஒரே பாளமாகப் போட்டதால் தரை தானே தேடிக்கொண்ட இணைப்பு. ஒரு பக்கம் தாழ்ந்து படி மாதிரி நிற்கும் வெடிப்புதான் கவலைக்குரியது. அடியில் மண் இறங்கியிருக்கிறது, அல்லது எலி வளை தோண்டியிருக்கிறது, அல்லது குழாய் கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே என்ன அலங்காரம் செய்தாலும் அடுத்த ஐப்பசிக்குள் அதே இடத்தில் திரும்ப வரும்.

நிறம் பொருத்தி ஒட்டுப்போடுவது மகா சிரமம். ஐம்பது வருடத்து மெழுகும் எண்ணெயும் காலடியும் சேர்ந்து உண்டான சிவப்பு எந்தப் பொட்டலத்திலும் கிடைக்காது. ஈரத்தில் பார்த்து முடிவுசெய்யக் கூடாது, காய்ந்தால் வெளுக்கும். ஓட்டுத் துண்டுகளில் நாலைந்து விகிதம் பூசி, காயவிட்டு, தரையருகே வைத்துப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அதைவிட எனக்குப் பிடித்தது, உடைந்த பகுதியை ஒழுங்கான கட்டமாக வெட்டியெடுத்து, கறுப்பு ஆக்சைடோ இரண்டு ஆத்தங்குடிக் கல்லோ வைத்து, இது ஒட்டுதான் என்று தெரியும்படி விட்டுவிடுவது. மறைக்கப்போய் மாட்டிக்கொண்ட ஒட்டுதான் கண்ணை உறுத்தும்.

*

மதுரையில் மாமா மகன் வீட்டுக் கார் ஷெட். நாற்பது வருடத்துச் சிமெண்டுத் தளம், மேலே எபாக்சிப் பிசின் பூச்சு. கண்ணாடி மாதிரி பளபளவென்று போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மழைக்காலம் முடிவதற்குள் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. நகத்தால் நெருடினால் தோலாக உரிகிறது. போட்டவரைக் கூப்பிட்டால், "தண்ணி கீழயிருந்து வந்தா நாங்க என்ன சார் பண்றது?" என்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான். போடுவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும்.

பழைய வீடுகளில் தளத்துக்கு அடியில் ஈரத்தடுப்புத் தாள் எதுவும் கிடையாது. மண்ணின் ஈரம் ஆவியாகச் சிமெண்டு வழியே மேலே வந்து காற்றில் போய்க்கொண்டே இருக்கும். சிவப்புத் தரையும் சாம்பல் தரையும் அதை ஓரளவு வெளியே விடும். எபாக்சி மூச்சுவிடாத பொருள். வழியை அடைத்தால் ஆவி அதையே தூக்கிவிடும். சோதனை எளிது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நாலு பக்கமும் இடைவெளியில்லாமல் டேப் ஒட்டி, குறைந்தது பதினாறு மணி நேரம் விட்டுவிடுங்கள். தாளின் அடியில் நீர் கோத்திருந்தாலோ சிமெண்டு கறுத்திருந்தாலோ எபாக்சி பேச்சை அத்தோடு விட்டுவிடலாம். மழைக்காலத்தில் செய்து பார்ப்பது உத்தமம். சித்திரையில் எல்லாத் தரையும் பாஸாகிவிடும்.

ஈரம் இல்லாத ஷெட்டிலும் இன்னும் இரண்டு சங்கடம். எஞ்சின் ஆயில் ஊறிய சிமெண்டு எந்தப் பூச்சையும் பிடிக்காது. ஊறிய பகுதியை அரைத்தோ கொத்தியோ எடுத்தாக வேண்டும். அடுத்தது வெயில். எபாக்சி வெயில் பட்டால் மஞ்சளாகும், அதனால் திறந்த போர்ட்டிகோவில் மேலே பாலியூரித்தேன் பூச்சும் வேண்டும். இத்தனைக்கும் பதிலாக, தளத்தை வைரக்கல் இயந்திரத்தால் லேசாக அரைத்து, சிலிகேட் திரவம் ஊற்றி இறுக்கிவிடலாம். அது சிமெண்டில் மிஞ்சிய சுண்ணாம்போடு சேர்ந்து உள்ளேயே கல்லாகிறது. மேலே படலம் இல்லை, அதனால் உரிவதற்கும் ஒன்றுமில்லை. சாம்பல் நிறம் சாம்பலாகவே இருக்கும். கார் நிற்கிற இடத்துக்கு அது போதாதா?

*

வெளித்தரை. திண்ணை கூரைக்குக் கீழே இருப்பதால் வழவழவென்று இழைத்தார்கள்; ஒரு முனையில் தலை வைக்க மேடுகூடக் கட்டி அதையும் இழைத்தார்கள். முற்றமும் வாசலும் வானம் பார்த்த இடம், அங்கே இந்த இழைப்பு கூடாது. மழை பெய்து பாசி பிடித்தால் வயசானவர்களுக்கு இடுப்பெலும்பு போய்விடும். ஈரம் இருக்கும்போதே தென்னந்துடைப்பத்தை ஒரே திசையில் இழுத்துவிட்டால் கால் பிடிக்கும் வரிகள் கிடைக்கும். புள்ளி உருளை ஓட்டலாம். வாட்டம் மறக்கக் கூடாது. பத்தடிக்கு ஒன்றரை அங்குலமாவது சரிய வேண்டும், அதுவும் வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக. இதைச் சொல்ல வேண்டுமா என்று நினைக்கலாம். தண்ணீர் நிலைப்படியைத் தேடி வரும்படி போட்ட வாசல்களை நான் பார்த்திருக்கிறேன்.

*

ஸ்டாம்ப்டு கான்கிரீட் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் புது வீட்டு முகப்புகளில் நிறையத் தென்படுகிறது. ஈரக் கான்கிரீட்டின்மேல் நிறப்பொடி தூவி, ரப்பர் அச்சை வைத்து மிதித்தால் கருங்கல் பாவிய மாதிரித் தோற்றம். புதிதாகப் போடும் தளத்துக்குச் சரி. பழைய தளத்தின்மேல் வேண்டுமென்றால் தனியாக ஒரு மேல்படலம் ஏற்ற வேண்டும், அதற்குக் கீழ்த்தளம் உறுதியாக இருக்க வேண்டும். மேலே பூசும் சீலர் சில வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படாவிட்டால் நிறம் கால்வழியில் தேய்ந்து போகும். என் தனிப்பட்ட குறை வேறு: அசல் கருங்கல் கிடைக்கிற ஊரில் சிமெண்டைக் கருங்கல்லாக வேஷம் கட்டுவானேன்?

மைக்ரோ சிமெண்டு: பாலிமர் கலந்த இரண்டு மூன்று மில்லிமீட்டர் படலம். டைல்ஸ்மேலேயே ஏற்றலாம் என்பது வசதி. பார்க்கப் பழைய சிவப்புத் தரையின் படித்த பேரன். விலை அதிகம், கீழே இருக்கிற வெடிப்பு மேலேயும் வரும்.

ஆசிட் ஸ்டெயின்: உலோக உப்புகள் கலந்த அமிலம் சிமெண்டின் சுண்ணாம்போடு வினைபுரிந்து பழுப்பு, பச்சை என மேகம் மேகமாக நிறமேற்றும். வெறும் சாம்பல் தரைக்கு அழகாக இருக்கும், மெழுகோ எண்ணெயோ ஊறியிருந்தால் திட்டுத்திட்டாக நிற்கும். சிவப்புத் தரைக்குத் தேவையில்லை.

*

டைல்ஸ் ஒட்டுவதற்காகப் பழைய தரையைப் புள்ளி புள்ளியாகக் கொத்துவார்கள். கொத்திய நிமிடத்தில் திரும்பிவரும் வழி அடைபட்டது. கொத்தாமல் விட்டாலும், கலவையும் டைல்ஸும் சேர்ந்து ஒன்றரை, இரண்டு அங்குலம் தரை ஏறும். கதவு திறக்காது. தேக்குக் கதவின் அடியை அறுப்பார்கள். நிலைப்படி குட்டையாகும். படிக்கட்டின் முதல் படி மட்டும் உயரம் குறைந்து கால் இடறும். தரையைத்தான் மாற்றினேன் என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருப்பார்.

புதிதாகச் சிவப்புத் தரை போட நினைப்பவர்கள் கொத்தனாரிடம் முதலில் இரண்டடிக்கு இரண்டடி மாதிரி ஒன்று போடச் சொல்லுங்கள். அவர் கூலி கேட்பார், கொடுங்கள். தண்ணீர் கட்டி, காயவிட்டு, எண்ணெய் தேய்த்துப் பார்த்து அப்புறம் முடிவுசெய்யலாம். மாதிரி போடத் தயங்குகிறவரிடம் பட்டாசலை ஒப்படைக்க வேண்டாம். தை, மாசி நல்ல காலம். ஆடிக் காற்றில் தொடங்காதீர்கள்.

*

பழைய தரை இருக்கிற வீட்டில் குடியிருப்பவர்களுக்கும், அப்படிப்பட்ட வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களுக்கும். தரை கறுத்திருந்தால் அது பெரும்பாலும் மெழுகும் அழுக்கும்தான். வெந்நீர், கொஞ்சம் சோப்புத்தூள், நார், ஒரு மூலை. தேய்த்துத் துடைத்துக் காயவிட்டுப் பாருங்கள். அடியில் சிவப்பு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். எலுமிச்சை, புளி, மோர் கொட்டினால் உடனே துடையுங்கள், புளிப்பு சிமெண்டை அரிக்கும். கழிவறைக்கு வாங்கிய ஆசிட்டைத் தரையில் ஊற்றவே ஊற்றாதீர்கள். நுரைத்துக்கொண்டு அழுக்கு போகும், கூடவே சிமெண்டின் மேல்தோலும் போகும். ஒருமுறை ஊற்றிய தரை சொரசொரத்து வெளுத்துப்போய், எத்தனை எண்ணெய் தேய்த்தாலும் பழையபடி ஆகாது.